பொறியியல் படிப்பும் சமூகப் பொறுப்பும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பொறியியல் மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகளுக்குப் பல வருடங்களாக வழிகாட்டி வருகிறேன். "இந்தப் படிப்பு யாருக்கு உதவப் போகிறது?" என்று பேச்செடுத்தாலே சில கேள்விகள் தவறாமல் வந்துவிடும். மாணவர்கள், பெற்றோர், சக ஆசிரியர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகம் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்களின் வாக்கிலேயே அவற்றை எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை போகப் போக.

"சமூகப் பொறுப்புள்ள பொறியாளர்னா யாரு? வேலையை விட்டுட்டு சேவை செய்யப் போகணுமா?"

வேண்டாம். சேவைக்குப் போகிறவர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் இங்கே பேசுவது வேறு. சம்பளத்துக்குச் செய்யும் அதே வேலையை, அதன் விளைவைச் சுமக்கப் போகிறவரை மனதில் வைத்துச் செய்வதுதான் நான் சொல்லும் பொறுப்பு.

நில்ஸ் போலின் ஸ்வீடனின் வால்வோ கார் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். அதற்கு முன் சாப் நிறுவனத்தில், ஆபத்து நேரத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளை வடிவமைத்தவர். விமானி என்றால் எத்தனை பெல்ட்டை வேண்டுமானாலும் பொறுமையாக மாட்டிக்கொள்வார். தினமும் காரில் போய் வருகிறவர் அப்படிச் செய்ய மாட்டார். அதனால் ஒரே கையால் இழுத்து மாட்டும்படி ஒரு பெல்ட்டை உருவாக்கினார். 1959-ல் வந்த அந்த மூன்று புள்ளி சீட் பெல்ட்தான் இன்றைக்கும் நம் தோளின் குறுக்கே கிடப்பது. அதன் காப்புரிமையைப் பிற தயாரிப்பாளர்களும் பயன்படுத்த வால்வோ திறந்துவிட்டது. போலின் எங்கேயும் சேவைக்குப் போகவில்லை. தன் மேஜையில் இருந்த வேலையைச் செய்தார், அவ்வளவுதான்.

"உலகப் பிரச்சினையெல்லாம் பெரிய ஆளுங்க சமாச்சாரம். ரெண்டாவது வருஷம் படிக்கிற என்னால என்ன ஆகும்?"

2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு மீட்புக் குழுக்கள் நம்பும்படியான விரிவான வரைபடம் இல்லை. யார் வேண்டுமானாலும் சேர்த்துத் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தன்னார்வலர்கள் பல நாடுகளில் அவரவர் அறையில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருத் தெருவாக வரைந்தார்கள். அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு மீட்புக் குழுக்கள் களத்தில் வேலை பார்த்தன. வரைந்தவர்களில் யாரிடமும் ஹைட்டிக்கு விமான டிக்கெட் கேட்கவில்லை, பட்டம் வாங்கியாயிற்றா என்றும் கேட்கவில்லை.

ஒரு ஆள் ஒரு உலகப் பிரச்சினையை முழுசாகத் தீர்ப்பது எங்கேயும் நடப்பதில்லை. ஒரு தெரு, ஒரு வால்வு, ஒரு அளவீடு என்றுதான் அது தீர்கிறது. அதில் ஒரு பங்குக்கு இரண்டாம் ஆண்டுப் படிப்பு தாராளமாகப் போதும்.

"சரி, செய்யலாம். ஆனா பிரச்சினையை எங்கே போய்த் தேடுறது?"

இணையத்தில் தேடாதீர்கள். அங்கே கிடைப்பது ஏற்கனவே யாரோ செய்த ப்ராஜெக்ட்டின் தலைப்பு மட்டுமே.

என்னிடம் வந்த ஒரு குழு, ஒரு பள்ளிக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு சென்சார் வைத்து, நீர்மட்டத்தை போனுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னது. சர்க்யூட் நன்றாகவே இருந்தது. முதலில் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அவர் எதுவும் சொல்லாமல், விரல் முட்டியால் தொட்டியின் பக்கவாட்டில் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். சத்தம் மாறிய இடத்தில் கை நின்றது. "இவ்வளவு இருக்கு" என்றார். சென்சாரின் கதை அங்கேயே முடிந்துவிட்டது.

பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் கிளம்பாமல், "அப்போ உங்களுக்கு எதுதான் கஷ்டம் ஐயா?" என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள். மூடி, என்றிருக்கிறார் அவர். தனி ஆளாகத் தூக்க முடியாத கனம். அதனால் தொட்டி கழுவுவது ஒவ்வொரு முறையும் தள்ளிப் போகிறது. கீல் வைத்து, எதிர் எடை தொங்கவிட்டு, ஒரு கையால் திறக்கும் மூடியைச் செய்து கொடுத்தார்கள். முதலாம் ஆண்டு இயக்கவியல்தான் அது. பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் சுத்தமானது அந்த மூடியால்.

"நல்ல எண்ணத்தோட செய்றோம். அப்புறம் எப்படித் தப்பாகும்?"

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. பிளேபம்ப் என்று ஒன்று வந்தது. குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினத்தைப் பம்ப்போடு இணைத்துவிட்டால், விளையாட விளையாடத் தண்ணீர் மேலே ஏறும். யோசனை தென்னாப்பிரிக்காவில் பிறந்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்துப்போய், 2006-ல் பெரிய அளவில் நிதி திரண்டது. 4,000 பம்ப்புகள் இலக்கு. நடந்தது வேறு. குழந்தைகள் எந்நேரமும் விளையாடுவதில்லை, தண்ணீரோ எந்நேரமும் வேண்டும். கடைசியில் வயதான பெண்கள் குனிந்து அந்த ராட்டினத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அறிவித்த அளவுக்குத் தண்ணீர் கிடைக்க ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009-ல் கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. பழுதானால் ஊரிலேயே சரி செய்யவும் வழியில்லை. நிதி கொடுத்த ஓர் அறக்கட்டளை 2010-ல் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

அந்த 27 மணி நேரக் கணக்கை நினைத்துப் பாருங்கள். பெருக்கல், வகுத்தல் தெரிந்தவர் போடக்கூடிய கணக்கு. ஆயிரக்கணக்கில் பம்ப் வைக்கத் திட்டமிடும் முன்பே அதைப் போட்டிருக்கலாம். எண்ணம் நன்றாக இருக்கும்போது கணக்கைச் சரிபார்க்கச் சொல்லிக் கேட்க நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. அந்தக் கூச்சத்தை விட வேண்டும்.

பங்களாதேஷ் கதை இன்னும் கனமானது. குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறப்பதைத் தடுக்க, 1970-களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. அந்த நீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது அன்றைய வழக்கமான சோதனையில் சேரவில்லை. 1993-ல்தான் அது கண்டறியப்பட்டது. கோடிக்கணக்கானோர் குடித்துக்கொண்டிருந்த நீர் அது. அப்புறம் கிணறு கிணறாகச் சோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் பாதுகாப்பானவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள்.

"மக்கள்கிட்ட போய் 'உங்களுக்கு என்ன வேணும்'னு கேட்டா போதுமா?"

போதாது. என்ன வேண்டும் என்று கேட்டால், நாம் எதைத் தரக்கூடும் என்று நினைக்கிறார்களோ அதைத்தான் சொல்வார்கள். மேலே சொன்ன தொட்டிக்காரரும் சென்சார் வேண்டுமா என்று கேட்டிருந்தால் மரியாதைக்கு "வைங்க தம்பி" என்றிருப்பார். என்ன செய்கிறார்கள், எங்கே கை தடுமாறுகிறது என்று கூடவே நின்று பார்க்க வேண்டும்.

எம்ப்ரேஸ் என்ற கருவி 2007-ல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு வகுப்பு ப்ராஜெக்ட்டாகத் தொடங்கியது. கொடுக்கப்பட்ட வேலை, குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு மலிவான இன்குபேட்டர் செய்வது. குழுவில் ஒருவர் நேபாளத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தார். நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. தேவைப்பட்ட குழந்தைகள் கிராமங்களில் இருந்தார்கள், மருத்துவமனைவரை வந்து சேரவே இல்லை. அதோடு கேள்வியே மாறிவிட்டது. மின்சாரம் தொடர்ந்து இல்லாத வீட்டில், அம்மா கையிலேயே குழந்தையைக் கதகதப்பாக வைப்பது எப்படி? உருகி உறையும் மெழுகு நிரப்பிய பையைக் குட்டித் தூக்கப்பைக்குள் வைத்தார்கள். அது பல மணி நேரம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே வெப்பத்தைக் காக்கும்.

ஜெய்ப்பூர் கால் இன்னொரு பாடம். 1960-களின் கடைசியில் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கியது. அதற்கு முன் கிடைத்த இறக்குமதிச் செயற்கைக் காலுக்கு ஷூ போட்டாக வேண்டும். அதை மாட்டிக்கொண்டு குத்துக்காலிடவோ சம்மணமிடவோ முடியாது. ரப்பரில் செய்த ஜெய்ப்பூர் காலில் இரண்டும் முடியும், வெறுங்காலோடு வயலில் நடக்கவும் முடியும். வடிவமைப்பில் கைவினைஞர் சம பங்காளியாக இருந்ததைக் கவனியுங்கள். உங்கள் குழுவில் பட்டம் இல்லாத ஆனால் வேலை தெரிந்த ஒருவருக்கு இடம் இருக்கட்டும்.

"நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். பம்ப், பாலம், கால் எல்லாம் எனக்கு இல்லையே?"

உங்களுக்குத்தான் பொறுப்பு கூடுதல் என்பது என் எண்ணம். பாலத்தில் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியும். கோடில் இருக்கும் விரிசல் எளிதில் தெரியாது.

தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தில், முந்தைய மாடல்களில் இருந்த வன்பொருள் தடுப்புகளை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். முக அடையாள விஷயத்துக்கு வாருங்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களை ஆய்வாளர்கள் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-ல் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கறுத்த நிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது. மொத்தச் சராசரியை மட்டும் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும்.

மின்னணுவியல் மாணவர்களுக்கும் ஒன்று. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர், கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விட்டது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020-ல் வந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. அடுத்த முறை ஏதாவது சோதித்தால், முடிவை ஒரே எண்ணாகக் கொடுக்காமல் யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துப் போடுங்கள்.

"எங்க குழு ஹேக்கத்தான்ல முதல் பரிசு வாங்கிச்சு. இனி என்ன?"

வாழ்த்துகள். இனிமேல்தான் வேலை ஆரம்பம்.

டிசைன் தட் மேட்டர்ஸ் என்ற அமைப்பு கார் உதிரி பாகங்களால் ஓர் இன்குபேட்டர் செய்தது. கார் பழுது பார்க்கத் தெரிந்தவர் எங்கேயும் இருப்பார், அதனால் இதையும் சரி செய்துவிடலாம் என்பது யோசனை. ஹெட்லைட்தான் சூடு தரும். பாராட்டு குவிந்தது, பத்திரிகைகள் எழுதின. ஆனால் தயாரிப்புக்குப் போகவே இல்லை. யார் தயாரிப்பார், யார் வாங்கித் தருவார் என்பதை முதலிலேயே சேர்த்து யோசிக்கவில்லை என்று அவர்களே பிறகு சொன்னார்கள்.

அடுத்ததாக, மஞ்சள் காமாலை வந்த பச்சிளம் குழந்தைக்கான ஒளிச் சிகிச்சைக் கருவியை எடுத்தபோது, வியட்நாமில் உள்ள ஒரு தயாரிப்பாளரோடு ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து வேலை செய்தார்கள். கூட்டம் நெரியும் வார்டுகளில் ஒரே விளக்கின் கீழ் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைப்பதைப் பார்த்திருந்தார்கள். அப்படிச் செய்தால் ஒளியும் சரியாகப் படாது, தொற்றும் பரவும். அதைத் தடுக்க எச்சரிக்கைப் பலகை ஒட்டவில்லை. தொட்டிலை ஒரே ஒரு குழந்தை மட்டும் படுக்கிற அளவுக்குச் சின்னதாகச் செய்துவிட்டார்கள்.

"சிலபஸே நிரம்பி வழியுது. இதுக்குத் தனி வகுப்பு எங்கே வைக்கிறது?" (சக ஆசிரியர்கள் பலர் கேட்டது)

தனி வகுப்பே வேண்டாம். ஏற்கனவே நடத்தும் கணக்கை மாற்றிக் கொடுங்கள். திரவ இயக்கவியலில் "பம்ப்பின் திறன் காண்க" என்பதற்குப் பதில், "இந்த ராட்டினம் இத்தனை பேருக்குத் தண்ணீர் தர எத்தனை மணி நேரம் சுற்ற வேண்டும்?" என்று கேளுங்கள். அதே சூத்திரம், அதே ஐந்து நிமிடம். நான் கொடுத்துப் பார்த்திருக்கிறேன், விடை 24-ஐத் தாண்டும்போது வகுப்பு சட்டென்று அமைதியாகும்.

எரின் செக் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் நான்கு கல்லூரிகளின் பொறியியல் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2014-ல் எழுதினார். படிப்பு முன்னேற முன்னேற, பொது நலன் மீதான அக்கறை குறைந்துகொண்டே போனது. அக்கறையோடு வருகிறவர்களிடமிருந்து நாம் அதைக் கழித்து அனுப்புகிறோம் என்று படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. சமூகத்தைப் பற்றிய பேச்சைத் "தொழில்நுட்பம் அல்லாதது" என்று ஓரமாக ஒதுக்குவதை நாமே பல முறை செய்கிறோம். இத்தனைக்கும் பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்க 1989-ல் தொடங்கிய வாஷிங்டன் ஒப்பந்தத்தின் கீழ் பிறகு வகுத்த, பட்டதாரிக்கு இருக்க வேண்டிய தகுதிகளில் சமூகமும் நெறிமுறையும் சேர்ந்தே இருக்கின்றன.

"ஒரு செமஸ்டர்ல முடியலைன்னா? பாதியில விட்டுட்டுப் போறது தப்பில்லையா?"

தப்புதான். செய்து வைத்துவிட்டு யாரும் எட்டிப் பார்க்காமல் போவதைவிட, செய்யாமலே இருப்பது மேல். இதற்கு ஒரு நல்ல வழி, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 1995-ல் தொடங்கிய எபிக்ஸ் திட்டம். உள்ளூர் அமைப்புகளோடு ஆண்டுக்கணக்கில் உறவு வைத்துக்கொள்கிறார்கள். ஒரே குழுவில் முதலாம் ஆண்டு மாணவரும் இறுதி ஆண்டு மாணவரும் இருப்பார்கள். சீனியர் பட்டம் வாங்கிப் போனாலும் வேலை ஜூனியர் கையில் தொடரும்.

அப்படியும் தோற்றால் அதை எழுதி வையுங்கள். எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பின் கனடா கிளை 2008-லிருந்து தன் தோல்விகளையே அறிக்கையாக வெளியிட்டது. என் மாணவர்களின் ரிப்போர்ட்டிலும் "எது வேலை செய்யவில்லை" என்று ஒரு பக்கம் கட்டாயம். அடுத்த குழு முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

"இதெல்லாம் செஞ்சா என் பையனுக்கு வேலை கிடைக்குமா?"

இதற்காகவே யாரும் வேலை கொடுப்பார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் தொட்டி மூடி செய்த அந்தப் பெண் நேர்காணலில் பேசுவதற்கு உண்மையான கதை ஒன்றை வைத்திருந்தாள். முதல் யோசனை ஏன் தவறானது, எப்படி மாற்றினோம் என்று சொல்லத் தெரிந்திருந்தது. பாடமும் குறையக் கூடாது. கணக்கு தெரியாத நல்ல மனசு ஆபத்தானது, மேலே பார்த்தோமே.

"நாம போய் இன்னொரு ஊர்க்காரங்களுக்குத் தீர்வு சொல்றது அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா?"

பல சமயம் அப்படித்தான் ஆகிறது. 16 நாடுகளின் மருத்துவமனைக் கருவிப் பட்டியல்களை ஆராய்ந்து 2011-ல் வந்த கட்டுரை, கிட்டத்தட்ட 40 சதவீதக் கருவிகள் இயங்காமல் கிடந்ததாகச் சொன்னது. அனுப்பினால் மட்டும் போதும் என்று நினைப்பதன் பலன் இது.

எதிர்ப் பக்கத்தில் இந்தியா மார்க் 2 கைப்பம்ப் இருக்கிறது. இந்தியக் கிராமங்களில் முதலில் வைத்த வார்ப்பிரும்புப் பம்ப்புகள், ஒரு பண்ணை வீட்டுக்கென்று வெளிநாட்டில் வடிவமைத்தவற்றின் நகல்கள். ஊரே வரிசையில் நின்று அடித்தால் எத்தனை நாள் தாங்கும்? 1970-களில் யுனிசெஃப், இந்திய அரசு, சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் க்ருடாஸ் தொழிற்சாலை மூன்றும் சேர்ந்து, ஏற்கனவே சோலாப்பூரில் உழைத்துக்கொண்டிருந்த ஒரு பம்ப்பை அடிப்படையாக வைத்து உறுதியான ஒன்றை உருவாக்கின. காப்புரிமை வைக்கவில்லை. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் அது போனது. வெளியாட்களும் இருந்தார்கள், உள்ளூர்ப் பட்டறையும் இருந்தது. எங்கிருந்து வந்தீர்கள் என்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வாஷர் தேய்ந்தால் எங்கே கிடைக்கும் என்பதுதான் அங்கே இருப்பவரின் கவலை.

"வேலைக்குச் சேர்ந்த இடத்துலயே தப்பு நடந்தா? மேலதிகாரி சொல்றதை மீற முடியுமா?"

கடினமான கேள்வி, இனிப்பாகப் பதில் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட்டில் இருந்த ரப்பர் வளையங்கள் குளிரில் சரியாக அடைக்காது என்று, அந்த ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜாலி 1985-லேயே எழுதிக் கொடுத்தார். ஏவுவதற்கு முந்தைய இரவும் அவரும் சக பொறியாளர்களும் வாதாடினார்கள். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி அவர்களின் நிறுவனத்திலேயே ஒரு மேலாளரிடம் சொல்லப்பட்டது. 1986 ஜனவரி 28 அன்று, கிளம்பிய 73-வது விநாடியில் விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். உண்மையைச் சாட்சி சொன்ன பாய்ஸ்ஜாலி அலுவலகத்தில் ஒதுக்கப்பட்டார், வேலையில் நீடிக்க முடியவில்லை. 1988-ல் விருதும் கிடைத்தது, ஆனால் இழப்பு உண்மையானது.

பேசாமல் இருப்பதும் பாதுகாப்பில்லை. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களில் வைத்தது 2015-ல் வெளியே வந்தது. அதில் ஈடுபட்ட ஒரு பொறியாளருக்கு 2017-ல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது.

என் ஆலோசனை இதுதான். சந்தேகத்தை உணர்ச்சியாகச் சொல்லாமல், எண்ணாகவும் தேதியோடும் எழுத்தில் கொடுங்கள். தனியாகப் போகாமல் சக பொறியாளர் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்பதை நெருக்கடி வரும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், அந்த இரவில் யோசிக்க நேரம் இருக்காது.

"இன்னைக்கு நல்லதுன்னு செய்றது நாளைக்குக் கெடுதலா மாறினா, அதுக்கும் நான்தான் பொறுப்பா?"

தாமஸ் மிட்ஜ்லி என்ற ஒரே பொறியாளரின் இரண்டு வேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1920-களின் கடைசியில் அவருடைய குழு குளிர்சாதனப் பெட்டிக்கு சிஎஃப்சி வாயுவைக் கொண்டுவந்தது. அதற்கு முன் பயன்பட்ட வாயுக்கள் கசிந்தால் ஆளைக் கொல்லும். இதுவோ தீப்பிடிக்காது, நஞ்சுமில்லை. ஓசோன் படலத்தை அது அழிக்கக்கூடும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் சொன்னது 1974-ல். 1987-ல் அதன் உற்பத்தியைக் குறைக்க மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. மிட்ஜ்லி காலத்தில் யாருக்கும் தெரியாத விஷயத்துக்கு அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பங்களாதேஷ் கிணறுகளும் ஏறக்குறைய இந்த வகைதான். அங்கே கேட்க வேண்டியது, தெரிந்த பிறகு எவ்வளவு வேகமாகத் திருத்தினார்கள் என்பதை.

இன்னொன்று, என்ஜின் தட்டும் சத்தத்தை நிறுத்தப் பெட்ரோலில் ஈயம் கலந்தது, 1921-ல். ஈயம் நஞ்சு என்பது அப்போதே தெரியும். தயாரித்த தொழிலாளிகள் இறந்தார்கள். மிட்ஜ்லியே ஈயத்தால் உடம்பு கெட்டு ஓய்வுக்குப் போனார், திரும்பி வந்து அதே வேலையைத் தொடர்ந்தார். உலகின் கடைசி நாடு சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதை நிறுத்தியது 2021-ல். அதற்குள் 100 வருடம் ஓடியிருந்தது.